ஆடாமல் இருப்பதும் ஒரு வேலை

சிதம்பரம் கோயிலின் கோபுர வாயில்களில் 108 நடனக் கரணங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் லலாடதிலகம் என்று ஒன்று: ஒற்றைக் காலில் நின்று, மறுகாலைத் தலைக்குமேல் தூக்கி, கால்விரலால் நெற்றியில் பொட்டு வைக்கும் நிலை. நம் கண் தூக்கிய காலுக்குத்தான் போகும். மற்ற உறுப்புகளை அசையவிடாமல் பிடித்து வைத்திருப்பதும் மூளையின் வேலைதான்.

மூளையின் ஆழத்தில் 'அடித்தள நரம்பு முடிச்சுகள்' இருக்கின்றன. டாக்டர்கள் பேசல் கேங்லியா என்பார்கள். அவற்றின் வெளிவாசலில் உள்ள செல்கள், நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நொடிக்கு 60 முதல் 80 முறை துடிக்கின்றன. ஒவ்வொரு துடிப்பும் ஒரு 'அசையாதே'. டிரைவர் பிரேக்கில் கால் வைத்தபடியே நிற்கும் பஸ்தான் நாம். காபி டம்ளரை எடுக்க நினைத்ததும் அந்தக் கைக்குரிய பிரேக் மட்டும் தளர்கிறது. தளர்த்துவதும் இன்னொரு தடைதான் என்பது வேடிக்கை: தடுக்கும் செல்லைத் தடுத்தால் அசைவு பிறக்கிறது!

பிரேக்கை அழுத்திக் கொடுப்பது சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற குட்டி முடிச்சு. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இருக்கும். ஒரு பக்கத்து முடிச்சுக்கு ரத்தம் போவது நின்றால், எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் தாமாகவே வீசி வீசி ஆடும்.

1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோயில் கதை தலைகீழ். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்து பிரேக் இறுகிவிடுகிறது, நடை சுருங்குகிறது. ஆனாலும் சும்மா மடியில் கிடக்கும் கை நொடிக்கு நான்கைந்து முறை நடுங்கும். டம்ளரை எடுக்கப் போனால் நடுக்கம் குறையும், தூங்கினால் நிற்கும். மருந்து போதாதபோது, அதே சப்தாலமிக் முடிச்சுக்குள் மெல்லிய கம்பியை இறக்கி நொடிக்குச் சுமார் 130 முறை மின்துடிப்பு கொடுக்கிறார்கள். பலருக்குக் கை அடங்குகிறது.

எனக்குப் பெரிய வியப்பு சர்க்கரைதான். ரத்தச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறினால், சில முதியவர்களுக்கு ஒருபக்கக் கைகால் திடீரென ஆடத் தொடங்கும். வீட்டில் வலிப்பு என்பார்கள், சாமி வந்திருக்கிறது என்றும் சொல்வார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால், பெரும்பாலோருக்கு நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ ஆட்டம் நின்றுவிடுகிறது.

ஆகவே வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் திடீரெனக் கை தானாக ஆடினால், வேப்பிலையைத் தேடாதீர்கள். பக்கவாதமாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.