கரைவெட்டிக்கு வரும் வரித்தலை வாத்து

திருமானூர் வட்டாரத்துக் கரைவெட்டி ஏரிக்கு, வடகிழக்குப் பருவமழை முடிந்து பனி இறங்கும் நாட்களில் ஒரு விருந்தாளி வருகிறது. வெண்மையான தலையின் பின்புறத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகள். எடை இரண்டு, மூன்று கிலோதான். வரித்தலை வாத்து என்பார்கள். மங்கோலியாவிலும் திபெத்திலும் உயர்ந்த மலை ஏரிகளின் ஓரத்தில் குஞ்சு பொரித்து வளர்த்து, அந்தக் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு இமயமலையைத் தாண்டி வருகிற பறவை இது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்பும் இந்த ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமானது. 453.7 ஹெக்டேர் பரப்புள்ள அதற்கு 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் தகுதியும் கிடைத்தது.

மலையை இது எப்படித் தாண்டுகிறது? பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மலையுச்சியை நோக்கிக் காற்று மேலேறும். அந்தக் காற்றில் ஏறிக்கொண்டால் பாதி வேலை மிச்சம். ஆனால் கருவி பொருத்திப் பின்தொடர்ந்து பார்த்தபோது, இவை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும், காற்று அடங்கிக் கிடக்கும் நேரத்தில் பறந்தது தெரியவந்தது. கழுகைப்போலச் சிறகை விரித்துவைத்து மிதப்பதும் இதற்கு வழக்கமில்லை. வழி நெடுக அடித்துக்கொண்டே போகிறது. பதிவான உயரம் 7,290 மீட்டர். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளி தரையில் கிடைப்பதில் பாதிகூட இல்லை.

இதைவிட வியப்பானது 2015-இல் வெளிவந்த ஆய்வு. ஏறிய உயரத்திலேயே நேராகப் போகாமல், நிலம் இறங்கும் இடத்தில் தானும் இறங்கி, அடுத்த மலை வந்ததும் மறுபடி ஏறுகிறது இந்தப் பறவை. பாடுபட்டு ஏறிய உயரத்தை விட்டுவிடுவது வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் மேலே காற்று மெலிந்திருப்பதால் ஒவ்வொரு சிறகடிப்புக்கும் இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டும். ஆகவே இறங்கி ஏறுவதே சிக்கனம். இறங்கத் தெரிந்த உழைப்பு இது. மேலே போனவர்களுக்கு எளிதில் வராத குணம்.

இந்தப் பறவையின் இரத்தத்தைப் பாருங்கள். உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பது, மெலிந்த காற்றிலிருந்து உயிர்வளியை இறுகப் பற்றிக்கொள்ள உதவுகிறது. சிறகுத் தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அடர்ந்து கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்கூட எத்தனை கரிசனம்! படைத்தவர் இவ்வளவும் கொடுத்தார். சிறகை அடிப்பதை மட்டும் பறவையிடமே விட்டுவைத்தார்.

மலைப்பொழிவில் இயேசு வானத்துப் பறவைகளைக் காட்டினார். அவை விதைப்பதுமில்லை, அறுப்பதுமில்லை, ஆனாலும் வானகத் தந்தை அவற்றுக்கு உணவளிக்கிறார் என்றார். கவலையால் நொந்த நெஞ்சுக்குச் சொன்ன ஆறுதல் அது. அதை எடுத்து, “எல்லாம் ஆண்டவர் பார்த்துக்குவார்” என்று திண்ணையில் சாய்ந்துகொள்வோரைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் உணவளிக்கும் பறவை கூட்டில் வாய் திறந்து கிடக்கவில்லை. புல்லையும் சிந்திய தானியத்தையும் தேடி மேய்கிறது. சோம்பேறியை எறும்பிடம் போய்ப் பாடம் கற்கச் சொன்ன நீதிமொழிகள் நூலுக்கும் இயேசுவின் பறவைகளுக்கும் முரண்பாடே இல்லை. கூடாரம் தைத்துப் பிழைத்த பவுலுக்கு அது தெரிந்திருந்தது. உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்குக் கண்டிப்பாகவே எழுதினார். சோம்பலைத் தலையான பாவங்கள் ஏழில் ஒன்றாகத் திருச்சபை வைத்ததும் சும்மா அல்ல. ஜெபத்தில் சோர்வு, நோயாளியைப் போய்ப் பார்ப்பதில் சோர்வு என்று அது வயலைத் தாண்டி உள்ளத்திலும் புகுந்துவிடும்.

இதே திருமானூர் ஒன்றியத்து ஏலாக்குறிச்சிக்கும் தூரதேசத்திலிருந்து ஒருவர் வந்தார். 1680-இல் இத்தாலியில் பிறந்த கொன்ஸ்தான்சு பெஸ்கி, நம் வீரமாமுனிவர். தமிழ் மண்ணில் கால்வைத்தபோது வயது முப்பது. அந்த வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டத் தொடங்கியவர் தேம்பாவணி பாடினார், தொன்னூல் விளக்கம் என்று இலக்கணம் செய்தார், 1732-இல் சதுரகராதி தொகுத்தார், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். இறைவன் கொடுத்த அறிவு பெரிதுதான். ஆனால் ஒரு சொல்லைக் கேட்டு, பொருள் விசாரித்து, ஓலையில் எழுதி, அடுத்த சொல்லுக்குப் போகும் வேலையை அந்த அறிவு தானாகச் செய்துவிடாது. அடைக்கல மாதாவைத் தேடி ஏலாக்குறிச்சிக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு இந்த வேலையைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும்.

3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணிக்கு அவர் தேர்ந்த தலைவர் அரசரல்லர், போர்வீரருமல்லர். நாசரேத்துத் தச்சர் சூசையப்பர். நற்செய்திகளில் சூசையப்பர் பேசிய ஒரு சொல்கூட இல்லை. எழுந்தார், கூட்டிக்கொண்டு போனார், சொன்னபடி செய்தார் என்று அவர் செய்த காரியங்களே இருக்கின்றன. 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், தொழிலாளரான அந்தச் சூசையப்பருக்கென மே 1-ஆம் நாளைத் திருநாளாக்கினார். தேம்பாவணி பிறந்து அப்போது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.