கனவில் குடித்தால் காணிப்பாக்கச் சத்தியம் கெடுமா?

சித்தூரிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில், பகுதா ஆற்றங்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயில். கிணற்றில் சுயம்புவாகத் தோன்றிய அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான் என்பது ஊர் நம்பிக்கை. கொடுக்கல் வாங்கல் தகராறு முதல் அரசியல் சவால் வரை, "காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணத் தயாரா?" என்று கேட்பது ஆந்திரத்தில் சகஜம். குளத்தில் முழுகிவிட்டு, "இனிமேல் குடிக்க மாட்டேன்" என்று சந்நிதியில் சத்தியம் செய்பவர்களும் உண்டு.

ஊர் திரும்பிய சில நாள்களில் அவர்களில் சிலருக்கு ஒரு கனவு வரும். பழைய கூட்டாளிகள், அதே கடை, கையில் கிளாஸ். வாயில் ருசிகூடத் தெரியும். வியர்த்து விழித்ததும், சத்தியத்தை மீறிவிட்டோமோ என்ற பயம் பிடித்துக்கொள்ளும். குடியை நிறுத்தியவர்களுக்கு உலகெங்கும் வருகிற கனவுதான் இது. மூளை தேறி வருவதில் இதற்கும் ஓர் இடம் உண்டு.

குடித்தால் வருவது நல்ல தூக்கமா?

"ஒரு கட்டிங் போட்டால்தான் தூக்கம் வரும்" என்பார்கள். படுத்ததும் கண் சொக்குவது உண்மை. மது, மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' வேதிப்பொருளின் வேலையைக் கூட்டி, விழிப்பைத் தூண்டும் 'குளூட்டமேட்'டை அடக்கிவிடுகிறது. சில மணி நேரத்தில் போதை இறங்கியதும் தூக்கம் கலைகிறது. பின்னிரவில் புரளல், வியர்வை, தாகம், அடிக்கடி சிறுநீர். தொண்டைத் தசைகளும் தளர்வதால் குறட்டை கூடும். சிலருக்கு மூச்சே தடைப்படும்.

மது மிகவும் பாதிப்பது கனவுத் தூக்கத்தை. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இப்படியொரு தூக்க நிலை இருப்பதை உலகுக்கு அறிவித்தார்கள். மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் இந்த நிலையைத்தான் 'ரெம்' தூக்கம் என்கிறோம். பெரியவர்களின் தூக்கத்தில் இது 20 முதல் 25 சதவீதம். பெரும்பகுதி விடியலுக்கு முந்தைய மணிகளில் வரும். உணர்ச்சி கலந்த நினைவுகளை மூளை ஒழுங்குபடுத்துவதில் இதற்குப் பங்கு உண்டு. தினமும் குடிப்பவருக்கு இந்தக் கனவுத் தூக்கம் குறைகிறது.

நிறுத்தியதும் கனவு பெருகுவது ஏன்?

அடக்கிவைத்த கை விலகியதும், இழந்த கனவுத் தூக்கத்தை மூளை சேர்த்து எடுத்துக்கொள்கிறது. அதனால் கனவுகள் நீளமாக, துல்லியமாக, சில சமயம் பயங்கரமாக வருகின்றன. கனவுத் தூக்கத்தில் உணர்ச்சியை ஆளும் மூளைப் பகுதிகள் மும்முரமாக இருக்கும். சரி எது, தவறு எது என்று எடைபோடும் மூளையின் முன்பகுதி அடங்கியிருக்கும். சத்தியத்தை நினைவூட்டி, "வேண்டாம்" என்று தடுக்கிற ஆள் அந்த நேரத்தில் வேலையில் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படுக்கும் முன் ஒருவரைப் பற்றி நினைக்கவே கூடாது என்று மாணவர்களிடம் சொன்னபோது, அந்த ஆளே அவர்கள் கனவில் அதிகம் வந்தார். பகலெல்லாம் "குடியை நினைக்கக் கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவரின் கனவில் குடி வருவதில் வியப்பில்லை.

ஆகவே கனவில் குடித்தது சத்திய மீறல் ஆகாது. சத்தியம் செய்தது விழித்திருக்கும் மனிதர். காப்பாற்ற வேண்டியதும் அவரே. விழித்ததும் வருந்துகிறார் என்றால், விட வேண்டும் என்ற எண்ணம் உறுதியாக இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இதைக் கனவென்று விட்டுவிடாதீர்கள்

பல வருடங்களாகத் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அடக்கப்பட்டிருந்த நரம்புகள் கட்டுமீறிக் கிளர்ந்தெழும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாள் கழித்துச் சிலருக்குக் கடும் நடுக்கம், காய்ச்சல், இடம் தெரியாத குழப்பம் வரும். விழித்திருக்கும்போதே பூச்சி ஊர்வதாகவும் ஆள் நிற்பதாகவும் தோன்றும். இதைச் சாமி குத்தம் என்றோ காற்று கருப்பு என்றோ நினைத்துத் தாமதித்தால் உயிர் போகலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதனால் சத்தியம் செய்யப் புறப்படும் முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சில நாள் மாத்திரையும் வைட்டமின் பி1-ம் கொடுத்துப் பத்திரமாக நிறுத்த வைப்பார்கள். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை, வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம், 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை ஆகியவற்றை அணுகலாம். போதை மறுவாழ்வுக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' 14416 என்ற இலவச எண்கள் உள்ளன.

தூக்கத்தைச் சீராக்க

நிறுத்திய பிறகு தூக்கம் சீராகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும். "தூக்கமே வரலை" என்று மறுபடி பாட்டிலைத் தொடுபவர்கள் பலர் என்பதால் இந்தக் காலத்தைக் கவனமாகக் கடக்க வேண்டும்.

• எவ்வளவு நேரம் கழித்துத் தூங்கினாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, காலை வெயிலில் சிறிது நேரம் நடங்கள்.
• மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம்.
• வழக்கமாகக் குடிக்கும் அந்த மாலை வேளைக்கு வேறொரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்.
• தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்காருங்கள். கண் சொக்கும்போது மீண்டும் படுங்கள்.
• தூக்க மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சை நிறுத்திவிடக்கூடும்.
• ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், அதன் முடிவை மாற்றி, கிளாஸைத் தள்ளிவிட்டு எழுந்து வருவதுபோல் பகலில் மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். மனநல மருத்துவர்களும் சொல்லித்தரும் முறை இது.

வீட்டார் கவனத்துக்கு

"கனவுலகூட அதே நினைப்பா?" என்று குத்திக்காட்டாதீர்கள். கேலிக்குப் பயந்து அவர் கனவை மறைப்பார். கூடவே குடிக்க வேண்டும்போல் இருப்பதையும் மறைப்பார். அதைத்தான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கனவு அடிக்கடி வந்தாலோ, விழித்த பிறகும் நாக்கு ஏங்கினாலோ, அடுத்த சிகிச்சைத் தேதி வரை காத்திருக்காமல் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். காணிப்பாக்கத்துக்குக் கூடவே சென்ற குடும்பம், மருத்துவமனைக்கும் கூடவே போகலாம்.