மண்ணுக்குள் மறைந்த துரு

மாமல்லபுரக் கடற்கரையில் வீடு கட்டியவர்களுக்குத் துருவைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியும் கதவுக் கீலும் உப்புக் காற்றில் பொருக்குப் பொருக்காய் உதிர்வதை அவர்கள் அன்றாடம் காண்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்த துருவைச் சுரண்டி வர்ணம் பூசலாம். ஆனால் எண்ணூரில் 2019-ல் திறக்கப்பட்ட திரவ வாயு நிலையத்திலிருந்து, பழைய செங்கற்பட்டு ஜில்லாவைக் கடந்து, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி என்று தெற்கு நோக்கிப் போகும் இந்தியன் ஆயில் கம்பெனியாரின் எஃகுக் குழாயோ மண்ணுக்குள் கிடக்கிறது. அதன் நலத்தை எவ்வாறு அறிவது, அறிந்ததை யாருக்குச் சொல்வது என்பவையே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

அறியாமலிருப்பதன் விலையை ஆந்திர தேசம் கொடுத்திருக்கிறது. 2014 ஜூன் 27 விடியற்காலையில், கிழக்குக் கோதாவரி ஜில்லாவில் நகரம் என்னும் பெயருடைய கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்தது. வீடுகளும் தென்னந்தோப்புகளும் கருகின. இருபது பேருக்குக் குறையாமல் மாண்டனர். உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈரம் கலந்த வாயு சென்றதும், நீரில் கரியமில வாயு கரைந்து அமிலமாகி எஃகை உள்ளிருந்தே அரித்ததும் பிற்பாடு விசாரணையில் தெரியவந்தன. செல்வமும் சாதனங்களும் மிகுந்த அமெரிக்காவிலும் இது நிகழாமலில்லை. 2000 ஆகஸ்டில் நியூ மெக்ஸிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே உள்ளரிப்பால் குழாய் வெடித்து, ஆற்றங்கரையில் தங்கியிருந்த 12 பேர் இறந்தனர்.

எண்ணூரில் வந்து இறங்கும் வாயுவில் நீரும் கரியமிலமும் முன்னமே நீக்கப்பட்டிருப்பதால் நமக்கு அந்த அச்சமில்லை என்று கம்பெனியார் சொல்லக்கூடும். உண்மையே. ஆனால் குழாய்க்கு வெளிப்புறமும் ஒன்றுண்டு! மண்வெட்டும் யந்திரம் மேற்பூச்சைச் சற்றே கீறிவிட்டால் போதும். உவர் மண்ணின் ஈரம் அங்கே வேலையைத் தொடங்கிவிடும். உயரழுத்த மின்கம்பிகள் குழாயை ஒட்டிச் செல்லுமிடங்களில் தூண்டப்படும் மின்னோட்டமும் எஃகைத் தின்னும். இதைத் தடுக்கவே குழாய்க்குச் சிறிய எதிர் மின்னழுத்தம் ஊட்டுகிறார்கள். தாமிர சல்பேட் மின்வாயைக் கொண்டு அளந்தால் அது 0.85 வோல்ட்டுக்குக் குறையாதிருக்க வேண்டும். ஆள் போய்க் கம்பத்துக்குக் கம்பம் அளந்து வந்த இதனை, இப்போது உணர்கருவிகள் தாமே அளந்து நிலையத்துக்கு அனுப்புகின்றன.

குழாயின் வயிற்றுக்குள்ளேயே போய்வரும் கருவியும் உண்டு. எஞ்சினியர்கள் அதற்குப் பன்றி என்று பெயரிட்டிருக்கிறார்கள். பூமியை மீட்கப் புகுந்த வராகத்தை மாமல்லபுரத்து மண்டபத்தில் கண்டு தொழுத நமக்கு இப்பெயர் விநோதமாகத் தோன்றாது. வாயுவே அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. அதிலுள்ள காந்தங்கள் எஃகைக் காந்தமயமாக்குகின்றன. சுவர் மெலிந்த இடத்தில் காந்தப் புலம் வெளியே கசிகிறது. உணர்கருவிகள் அதைக் குறித்துக்கொள்கின்றன. கார்ல்ஸ்பாடில் வெடித்த பகுதியில் இக்கருவி செல்ல வழியே இருக்கவில்லை.

இவையெல்லாம் அந்நியரிடம் கைகட்டி நின்று வாங்க வேண்டிய வித்தைகள் அல்ல. இத்தகைய கருவியைப் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தாரும் இந்தியன் ஆயில் கம்பெனியாரும் சேர்ந்து இந்நாட்டிலேயே உருவாக்கியிருக்கின்றனர். மாமல்லபுரத்துக்குச் சிறிது தெற்கே, கல்பாக்கத்தில், 1971-ல் தோன்றிய ஆராய்ச்சி நிலையத்தில் உலோக அரிப்பையும், பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் முறைகளையும் ஆராய்கின்றனர். அழகப்பச் செட்டியாரின் கொடையால் எழுந்து 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் நிலையமோ, மண்டபம் கடற்கரையில் உலோகங்களை உப்புக் காற்றுக்குக் கொடுத்துச் சோதித்து வருகிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 1962-ம் வருஷத்துக் குழாய்ச் சட்டப்படி, குழாய்க்கு நிலத்தை உபயோகிக்கும் உரிமை மட்டுமே எடுக்கப்படுகிறது. நிலம் குடியானவனுடையதாகவே இருக்கிறது. ஆயினும் அவன் அதில் கிணறு வெட்டலாகாது, வீடு கட்டலாகாது, மரம் நடலாகாது. உரிமைக்கு ஈடாகச் சட்டம் வகுத்தது சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து. இத்தனையையும் ஏற்று, அபாயத்தின்மேல் படுத்துறங்குகிறவனுக்கு, காலடியில் கிடக்கும் குழாய் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று கேட்கப் பாத்தியதை இல்லையா? இந்தியன் ஆயில் சர்க்கார் கம்பெனி. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும். குழாய்த் தடத்தில் நட்டிருக்கும் எச்சரிக்கைக் கம்பங்களில், சோதனை நடந்த தேதியையும் அதன் முடிவையும் தமிழில் எழுதி வைக்கட்டும். எழுதாவிட்டால் அந்தந்தக் கிராமத்தார் பத்து ரூபாய் கட்டி மனுச் செய்யலாம்; முப்பது நாளில் பதில் வர வேண்டும்.