செக்கெட்டி விட்டுச்சென்ற வகுப்பு

பாலே ஆசிரியர் என்ரிகோ செக்கெட்டி 1923இல், தமது 73ஆம் வயதில், லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் நடத்திவந்த பயிற்சிக்கூடத்தை விட்டு இத்தாலிக்குப் புறப்பட்டார். லண்டனில் அவர் தங்கியிருந்தது ஐந்து ஆண்டுகள்தான். ஆனாலும் அவர் பெயரைத் தாங்கிய பாடமுறை, தேர்வு, சங்கம் மூன்றும் முதலில் உருவானது அங்கேதான்; பிறந்த நாட்டிலோ, அவர் நெடுங்காலம் உழைத்த ரஷ்யாவிலோ அல்ல.

செக்கெட்டி 1850 ஜூன் 21 அன்று ரோம் நகரின் ஒரு நாடக அரங்கில், ஒப்பனை அறையிலேயே பிறந்தவர். தாய், தந்தை இருவரும் நடனக் கலைஞர்கள். ஃபிளாரன்ஸில் அவருக்குக் கற்பித்தவர் ஜொவான்னி லெப்ரி. லெப்ரியின் ஆசிரியர் கார்லோ பிளாசிஸ், 1820லேயே பாலேயின் இலக்கணத்தை நூலாக எழுதி வெளியிட்டவர். ஆகவே செக்கெட்டியின் கையில் வந்து சேர்ந்தது ஏற்கெனவே ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு கலை.

1887இல் அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார். ரஷ்ய பாலே அப்போது பிரெஞ்சு பாணியில் நளினமாக இருந்தது. இத்தாலியர்கள் கொண்டுவந்ததோ வேகம், சுழற்சி, உறுதியான கால். 1890இல் சைக்கோவ்ஸ்கியின் இசையில் ‘உறங்கும் அழகி’ அரங்கேறியபோது செக்கெட்டி அதில் இரண்டு வேடம் கட்டினார். ஒன்று, சாபமிடும் கிழ தேவதை காரபோஸ். மற்றொன்று, காற்றில் மிதப்பது போலத் தாவ வேண்டிய நீலப்பறவை. நாற்பதை நெருங்கிய ஒருவர் ஒரே இரவில் இரண்டையும் ஆடியது இன்றைக்கும் வியப்புக்குரியதுதான். அதற்குப் பிறகு 1892 முதல் பத்தாண்டுகள் பேரரசு நடனப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். இடையில் சில ஆண்டுகள் வார்சாவில் கழித்துவிட்டுத் திரும்பிவந்து தனியாகப் பயிற்சி அளித்தார். புகழின் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்த அன்னா பாவ்லோவா அப்போது அவரிடம் தனிப்பாடம் பெற்றார். ருக்மிணி தேவியை நம் மண்ணின் நடனத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொன்ன அதே பாவ்லோவாதான்.

பிறகு தியாகிலெவின் ‘பாலே ரூஸ்’ குழுவுக்கு ஆசிரியரானார். நிஜின்ஸ்கி, கர்சாவினா, மசீன் எல்லாரும் அவர் வகுப்பில் நின்றவர்கள். 1911இல் ‘பெத்ரூஷ்கா’ முதன்முதலாக மேடையேறியபோது, பொம்மைகளுக்கு உயிர் கொடுக்கும் வித்தைக்காரன் வேடம் அவருக்கே கிடைத்தது. மேடையில் அவர் செய்ததும் வகுப்பில் செய்ததும் ஏறக்குறைய ஒன்று என்பதால், வேடத்துக்கு ஆள் தேட வேண்டியிருந்திருக்காது.

அவர் வகுப்பு நடந்த விதத்தைத் தமிழ் வாசகர் எளிதில் கண்முன் கொண்டுவரலாம். நட்டுவனார் தட்டுக்கழியால் தாளம் தட்டி, வாயால் சொற்கட்டு சொல்வது போலவே, செக்கெட்டி கையில் ஒரு பிரம்பை வைத்துத் தரையில் தட்டியபடி, தாமே மெட்டைச் சீட்டியடித்துப் பாடம் நடத்துவார். பாடத்தின் அடுக்குதான் அவருடைய தனிமுத்திரை. வாரத்தின் ஒவ்வொரு பயிற்சி நாளுக்கும் குறித்த அசைவுக் குடும்பம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை, தாவி எழுந்து இரு கால்களையும் சேர்த்து இறங்கும் ‘அசாம்ப்ளே’. புதன்கிழமை, காலால் வட்டம் வரையும் ‘ரோன் த ழாம்ப்’. வியாழக்கிழமை, ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தாவும் ‘ழெத்தே’. மாணவருக்குப் பிடித்ததை மட்டும் பழகித் தப்பித்துக்கொள்ள இதில் வழியில்லை. வாரம் முடிவதற்குள் உடலின் எல்லாப் பக்கமும் வேலை செய்தாக வேண்டும். ஒரு காலில் செய்ததை மறுகாலிலும் சம அளவில் செய்ய வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பானவர்.

1918இல் லண்டனில் குடியேறியபோது அவருக்கு வயது 68. ஓய்வெடுக்கும் வயதில் அங்கே அவர் பள்ளி திறந்தார். மேடையையும் முழுதாக விடவில்லை. தியாகிலெவ் லண்டனில் ‘உறங்கும் அழகி’யை மறுபடி மேடையேற்றியபோது, 1922 ஜனவரியில் ஓர் இரவு பழைய காரபோஸ் வேடத்தைத் தாமே கட்டினார். அவரிடம் பயின்றவர்களில் நினெட் த வலுவா பிற்காலத்தில் இங்கிலாந்தின் ராயல் பாலேயாக வளர்ந்த குழுவைத் தொடங்கினார். மேரி ராம்பெர்ட் தம் பெயரிலேயே ஒரு குழுவை உருவாக்கினார்.

அவர் பாடங்களைத் தொகுத்து எழுதியவர் ஒரு புத்தகக் கடைக்காரர்! சாரிங் கிராஸ் சாலையில் கடை வைத்திருந்த சிரில் போமான்ட், நடனக் கலைஞரல்ல, தீராத ரசிகர். போலந்து நடனக் கலைஞர் ஸ்டானிஸ்லாஸ் இட்ஜிகோவ்ஸ்கியுடன் சேர்ந்து, செக்கெட்டியின் பயிற்சிகளை ஒன்றுவிடாமல் குறித்து 1922இல் நூலாக்கினார். அதே ஆண்டில் செக்கெட்டி சங்கமும் அமைந்தது. 1924இல் அது நடன ஆசிரியர்களின் பெரிய அமைப்பான இம்பீரியல் சொசைட்டியோடு இணைந்தது. ஆசிரியர் புறப்படுவதற்குள் அவர் அறிந்ததை எழுதி வாங்கிக்கொண்ட முன்யோசனை அந்த நூல். இல்லையென்றால் சில நினைவுக் கதைகள்தான் மிஞ்சியிருக்கும். இதில் ஒரு இழப்பும் உண்டு. உயிரோடிருந்த ஆசிரியர் எதிரே நிற்கும் மாணவரைப் பார்த்துப் பாடத்தை மாற்றிக்கொள்ள முடியும். அச்சில் ஏறிய பாடம் அப்படி மாறுவதில்லை. செக்கெட்டி முறை இறுக்கமானது என்ற குறை அவ்வப்போது எழுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

இத்தாலியில் அவரை ஓய்வு நெடுநாள் வைத்திருக்கவில்லை. 1925இல் இசை நடத்துநர் தொஸ்கனினியின் அழைப்பின் பேரில் மிலானின் லா ஸ்காலா அரங்கின் நடனப் பள்ளியை ஏற்றார். தாம் இளமையில் ஆடிய அரங்கு அது. கடைசி மூன்றாண்டுகளும் வகுப்பிலேயே கழிந்தன. பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தவர், 1928 நவம்பர் 13 அன்று காலமானார்.

லண்டன் பயிற்சிக்கூடத்தை அவருக்குப் பின் ஏற்று நடத்தியவர் மாணவி மார்கரெட் கிராஸ்க். 1930இல் போமான்ட்டுடன் சேர்ந்து, துள்ளல் அசைவுகளுக்கென்று தனி நூல் எழுதினார். அவரும் அங்கே நிலைக்கவில்லை. மெஹெர் பாபாவின் அடியாராகி 1939இல் இந்தியா வந்து, போர்க்காலம் முழுவதும் இங்கேயே வாழ்ந்தார். 1946இல் நியூயார்க் சென்று பாலே தியேட்டர் குழுவுக்கும், பின்னர் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் பாலே பள்ளியிலும் கற்பித்தார். அவரிடம் பயின்றவர்களில் நவீன நடனத்தின் பெரும்புள்ளிகளில் ஒருவரான பால் டெய்லரும் உண்டு.