கவசம் காட்டிய அடையாளம்

ஸ்காட்லாந்தில் கிடைத்த சில கல்லான தகடுகளை ஆராய்ந்த லூயி அகாசி, அவை ஒரு பழங்கால மீனின் செதில்கள் என்று முடிவு செய்தார். 1844-இல் 'ஸ்டாகனோலெபிஸ்' என்று பெயரும் சூட்டினார். மீன் புதைபடிவ ஆய்வில் அன்று முன்னணியில் இருந்தவர் அவர். ஆனாலும் அது மீனன்று, முதலைக்கு உறவான ஊர்வன என்பதைத் தாமஸ் ஹக்ஸ்லி பின்னர் எடுத்துக்காட்டினார்.

இவ்வகை விலங்குகளுக்கு ஏட்டோசர் என்று பெயர். டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியில், 200 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்தவை. டைனோசர்கள் அல்ல, முதலைகளின் பக்கத்து உறவினர்கள். ஆனால், பெரும்பாலும் தாவரங்களையே தின்றன. சிறிய தலை, மண்ணைக் கிளற ஏற்ற மேல்நோக்கிய மூக்கு, முதுகில் நான்கு வரிசை எலும்புத் தகடுகள். சில இனங்கள் ஒரு மீட்டர் நீளமே இருந்தன. பெரியவையோ நம் மைவி காரைவிட நீளமானவை.

இறந்த உடல் சிதைந்தாலும் தகடுகள் எஞ்சும். அவற்றிலுள்ள குழிகளும் மேடுகளும் இனத்துக்கு இனம் மாறுபடும். அதனால் தகடுகளைக் கொண்டே இனத்தை அறியலாம்.

இந்தியாவிலும் இவை வாழ்ந்தன. தெலுங்கானாவின் தர்மாரம் பாறைகளில் கிடைத்த ஒன்றை அன்வேஷா ஹல்தார், சங்கமித்ரா ரே, சாஸ்வதி பந்தோபாத்யாய் ஆகியோர் 2023-இல் 'வெங்கடசூக்கஸ் அர்மேட்டம்' என்று அறிவித்தனர். அதே பாறைகளில் கிடைத்த மற்றொன்று 'குட்டிசூக்கஸ்'. பெயரைக் கேட்டுச் சின்னஞ்சிறு விலங்கு என்று எண்ண வேண்டாம்! அப்பகுதிப் புதைபடிவங்களை ஆராய்ந்த டி.எஸ். குட்டியைச் சிறப்பிக்கும் பெயர் அது. அவர் பணியாற்றிய இடம் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகம். புள்ளியியல் கழகத்தில் புதைபடிவங்களுக்கு என்ன வேலை? அதன் நிறுவனர் மகலனோபிஸ், 1950-களின் இறுதியில் லண்டனிலிருந்து பமேலா ராபின்சனை வரவழைத்து இத்துறை ஆய்வை அங்கே வேரூன்றச் செய்தார்.

அப்படியானால் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏட்டோசர் கிடைக்குமா? வாய்ப்பு மிகக் குறைவு. கோதாவரிப் பகுதியில் ஆற்று வண்டல் எலும்புகளை மூடிய காலத்தை ஒட்டி, இன்றைய கெந்திங் மலைப்பகுதியில் பாறைக்குழம்பு நிலத்தடியில் மெல்ல ஆறிக் கருங்கல்லாகிக் கொண்டிருந்தது. அதில் புதைபடிவம் இருக்காது. பத்துமலையின் சுண்ணாம்புப் பாறையோ அதற்கும் முந்திய, கடலடியில் உருவான பாறை.

ஏற்ற பாறையைத் தேடிப் போனால் இங்கும் பலன் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகக் குழு பகாங்கில் தேடி, சுமார் 23 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பல்லைக் கண்டெடுத்தது. 2014-இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பல்தான் மலேசியாவில் உறுதிசெய்யப்பட்ட முதல் டைனோசர் புதைபடிவம். அது டிரையாசிக் காலத்துக்கு வெகு பின்னர் வந்த கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தது.

ஏட்டோசர்களைக் கவசம் காப்பாற்றவில்லை. சுமார் 201 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், மாபெரும் எரிமலை வெடிப்புகளை ஒட்டி நேர்ந்த பேரழிவில் அவை மறைந்தன. தட்பவெப்பம் மாறும்போது எது பிழைக்கும், எது அழியும் என்பது இன்றும் நமக்குத் தேவையான கேள்வி. அதற்கான விடைகளில் பல பாறைகளில்தான் இருக்கின்றன.

நம் வீடுகளில் மேற்படிப்பு என்றால் மருத்துவம், சட்டம், பொறியியல் என்றே பேச்சு தொடங்கும். நிலவியலை மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பயிலலாம். எஸ்.டி.பி.எம். முடித்து யூ.பி.யூ. விண்ணப்பத்தை நிரப்பும் மாணவர்கள், பட்டியலில் அந்தத் துறையையும் ஒருமுறை நின்று பார்க்கலாமே.