கொடைக்கானலில் ஒரு மின்விசிறி

போன மே மாதம் கொடைக்கானலில் நாங்கள் தங்கிய விடுதி அறையில் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. இறக்கையில் தூசி இல்லை. அடிக்கடி ஓடுகிற ஃபேன்தான். "சீசன்ல பகல்ல கேக்குறாங்க சார், அதான் ரூமுக்கு ஒண்ணு வாங்கிப் போட்டுட்டோம்" என்றார் சாவி கொடுத்த தம்பி. 1987-ல், இதே ஊரில், இதே மே மாதத்தில், அப்பா வாடகைக் கம்பளி கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினார்.

அந்த முறை மதுரையிலிருந்து அரசு பஸ்ஸில் வந்தோம். வத்தலக்குண்டு தாண்டி மலை தொடங்கியதும் அம்மா மஞ்சள் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து எங்கள் மூக்கருகே பிடித்தாள். பயனில்லை. மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே என் தம்பி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டான். டம் டம் பாறையில் வண்டியை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எல்லோரும் இறங்கி நின்றோம். கீழே பார்த்தால் நாங்கள் கடந்து வந்த வெயில் ஒரு தட்டில் வைத்ததுபோலத் தெரிந்தது. மறுபடி ஏறினோம். பெருமாள்மலை நெருங்கியபோது யாரும் சொல்லாமலே பஸ்ஸின் ஷட்டர்கள் படபடவென்று இறங்கின. குளிர் வந்துவிட்டது என்பதை அந்தச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன். தைலமர வாசனை அதற்குப் பிறகுதான் வந்தது.

எங்கள் குடும்பத்தில் குளிர்ச்சி தேடி மலைக்கு வந்த முதல் ஆள் அப்பாதான். அவருடைய அப்பாவுக்கு அந்த எண்ணமே தோன்றியிருக்காது. ஏனென்றால் இந்த ஊர் எங்களுக்காகக் கட்டப்பட்டதல்ல. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களை இழந்து, தப்பிக்க இடம் தேடி 1845-ல் இங்கே வீடு கட்டினார்கள். 1863-ல் மதுரை கலெக்டர் வெரே லெவிஞ்ச் ஓடைக்குக் கரை கட்டி ஏரியை உண்டாக்கினார். இயற்கையான ஏரி என்று இன்றும் பலர் நினைப்பது அதைத்தான்.

1875-ல் ரயில் வந்தது. ஆனால் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன், பெயரில்தான் கொடைக்கானல். ஊர் அங்கிருந்து எண்பது கிலோமீட்டர். ராத்திரி முழுக்க மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து செங்குத்துப் பாதையில் ஏற வேண்டும். முடிந்தவர்கள் குதிரையில் போனார்கள். துரைமார்களும் துரைசானிகளும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, கூலிகள் தோள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். 1901-ல் வேலை தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடத்துக்கான தொலைநோக்கிகளும் கண்ணாடிகளும்கூட, மோட்டார் ரோடு இல்லாத அந்த மலையில்தான் ஏறின. அதே கூடத்திலிருந்து 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதற்கு இன்றும் அவர் பெயர்தான். கருவிகளைச் சுமந்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

முதல் உலகப்போர்க் காலத்தில் மலைச்சாலை வந்தது. சாலை வந்தால் பஸ் வரும். பஸ் வந்தால் டிக்கெட் எடுக்கும் காசு உள்ளவர்கள் எல்லோரும் வரலாம். கொடைக்கானலின் கதையில் பெரிய திருப்பம் எது என்று கேட்டால் நான் ஏரியைச் சொல்லமாட்டேன், அரசு பஸ்ஸைச் சொல்வேன். அதுவரை ஒருவர் குளிரை அனுபவிக்க வேறு பலர் வியர்க்க வேண்டியிருந்தது.

அதனால் "அந்தக் காலத்தில் கூட்டமே இருக்காது" என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்கு ஒட்டுவதில்லை. 1987-ல் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் பொட்டலச் சோறு பிரித்த நாங்களே ஒருவருக்குக் கூட்டமாகத்தான் தெரிந்திருப்போம்.

மாறியது கூட்டம் மட்டுமல்ல. அன்று சில கடைகளில் தைலம், பேரிக்காய், பிளம்ஸ், மலைப்பூண்டு. இன்று வரிசையாக ஹோம்மேட் சாக்லேட். 'டெவில்ஸ் கிச்சன்' என்ற பள்ளத்துக்கு அன்று யாரும் எங்களைக் கூட்டிப்போகவில்லை. 1991-ல் 'குணா' படம் வந்ததும் அது குணா குகையானது. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபின் வேலிக்கு இப்பால் நின்று செல்ஃபி எடுக்கக்கூட முண்டியடிக்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் படமெடுக்கும் பைன் காடு மனிதர்கள் நட்டது. இந்த மலையின் சொந்தச் சொத்து புல்வெளியும் சோலைக்காடும். மழையை உறிஞ்சி வைத்து மெதுவாக ஓடைக்கு விடுவது அவைதான். தோல் பதனிடும் பட்டைக்காக நட்ட வாட்டில் மரம் பெருகிப் புல்வெளியைத் தின்றது. குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்தது 2030. அதற்குள் எவ்வளவு புல்வெளி மிஞ்சும் என்பதைப் பொறுத்தது எவ்வளவு நீலம் தெரியும் என்பது.

இந்த முறை நாங்கள் காரில் வந்தோம். மகன் போனில், மலையேறும் வண்டிக்கான இ-பாஸ் எடுத்திருந்தான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ம் தேதி தொடங்கிய ஏற்பாடு இது. 2025 கோடையில் உச்ச வரம்பும் வந்தது: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. வரம்பு வண்டிகளுக்குத்தான், ஆட்களுக்கு இல்லை என்பதை யோசித்துப் பார்த்தேன். சரியான கணக்கு. ஒரு பஸ்ஸில் ஐம்பத்தைந்து பேர். அவர்களே காருக்கு நாலு பேராக வந்தால் பதினாலு கார். பஸ் ஆளை இறக்கிவிட்டு ஸ்டாண்டுக்குப் போய்விடும். பதினாலு காரும் ஏரிக்கரையில் நிற்க இடம் தேடும். நிற்க இடம் கொடுக்கச் சரிவை வெட்டுவார்கள், சமன் செய்வார்கள், சிமென்ட் போடுவார்கள். அந்தச் சிமென்ட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு அறைக்குள் அனுப்பும். டேபிள் ஃபேன் அப்படித்தான் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

திரும்பும்போது வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் மாட்டிக்கொண்டோம். முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை. காருக்குள் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மலையில், ஆறாயிரம் அடிக்குப் பக்கத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.! இறக்கினால் முன்வண்டிப் புகை.

எதிர்ப்பக்கம், மேலே ஏற முடியாமல் ஓர் அரசு பஸ் நின்றது. அதில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. ஷட்டர்கள் எல்லாம் திறந்தே இருந்தன. இறக்கிவிடும் அளவுக்குக் குளிர் இல்லை. ஜன்னலோரம் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்து அழுத்திக்கொண்டு எங்களையே பார்த்தான். உள்ளே நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் அறுபது பேராவது இருப்பார்கள். அந்தக் குறுகிய சாலையில், நீர்வீழ்ச்சி பார்க்க ஓரங்கட்டிய கார்களும் அவற்றைச் சுற்றி வர வலப்பக்கம் ஏறிய எங்கள் வரிசையும்தான் அவர்கள் வழியை அடைத்திருந்தன.

"ஹாரன் அடிப்பா" என்றேன் மகனிடம், பழக்கத்தில்.

"யாரைப் பாத்துப்பா?" என்றான்.