வலிப்பு மருந்தும் ஆல்புமினும்

வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின் உட்கொள்வோரின் இரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு குறைவாகக் காணப்பட்டால், மாத்திரையைக் கூட்ட வேண்டுமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. அதற்கு விடை கூற ஆல்புமின் அளவும் தெரிய வேண்டும்.

ஆல்புமின், கல்லீரல் உருவாக்கும் இரத்தப் புரதம். ஃபெனிடாயினில் ஏறத்தாழ 90 விழுக்காடு இதனுடன் பிணைந்திருக்கும். பிணையாத பகுதியே மூளையில் செயல்படும். நம் காஞ்சியின் சாயப்பட்டறையை எண்ணிப் பாருங்கள். பட்டு நூலும் புரதமே. தொட்டியில் நூல் குறைந்தால், நூலில் ஏறாமல் நீரில் தங்கும் சாயம் மிகும். அவ்வாறே கல்லீரல் நோய், ஊட்டக்குறைவு முதலியவற்றால் ஆல்புமின் குறையும்போது, பிணையாத மருந்தின் பங்கு உயர்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: மருந்தின் மொத்த அளவு மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம், பயன்தரும் வரம்பு 10 முதல் 20. ஆல்புமின் டெசிலிட்டருக்கு 2 கிராம். ஷெய்னர்–டோசர் சமன்பாட்டின்படி 2-ஐ 0.2 ஆல் பெருக்கி, 0.1 கூட்டினால் 0.5. எட்டை அதனால் வகுத்தால் 16. மருந்து போதிய அளவில்தான் உள்ளது! இந்நிலையில் மாத்திரையைக் கூட்டினால் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, மிகு உறக்கம் நேரலாம்.

இது மதிப்பீடு மட்டுமே. சிறுநீரகம் செயலிழந்தோருக்கும், வால்ப்ரோயேட் சேர்த்து உட்கொள்வோருக்கும் இக்கணக்கு தவறலாம். அவர்களுக்குப் பிணையாத மருந்தை நேரடியாக அளப்பதே சிறந்தது.

எனவே, அறிக்கையைக் கண்டு மாத்திரையை நீங்களாகவே கூட்டவோ, குறைக்கவோ, நிறுத்தவோ வேண்டாம். "ஆல்புமின் பார்த்தாயிற்றா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.